டிவி காமெடி ஷோவுக்குக் கிளம்பும் தம்பிகளுக்கு

காமெடி ஷோ ஆடிஷனுக்கு எப்படித் தயாராவது என்று சொல்லித்தர ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். செலக்ட் ஆன பிறகு எந்தக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள், பணம் எப்போது வரும், யாரிடமிருந்து வராது, சீசன் முடிந்த மறுநாள் போன் ஏன் ஓய்ந்துபோகிறது, இதையெல்லாம் சொல்ல எனக்கு ஒருவர்கூட இல்லை. வத்தலக்குண்டில் கல்லூரி விழாக்களிலும் கோயில் திருவிழாக்களிலும் பலகுரல் செய்துகொண்டிருந்தவன் நான். சென்னைக்கு வந்து, ஒரு சேனலின் ஷோவில் ஒரு சீசன் முழுக்க நின்று, ஊர் ஊராக மேடை ஏறி, பிறகு குரலும் பணமும் போய் அறையில் உட்கார்ந்திருந்த காலம் வரைக்கும் எல்லாவற்றையும் தனியாகத்தான் பட்டேன். அந்த நாட்களில் யாராவது ஒரு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். அந்த நாலு விஷயத்தை இங்கே எழுதிவைக்கிறேன்.

நாங்கள் எல்லோரும் வளர்ந்ததே ஜெயித்தவர்களின் கதையைக் கேட்டுத்தான். லொள்ளு சபா என்ற டிவி காமெடி ஷோவிலிருந்து சந்தானம் 2004இல் மன்மதன் படத்துக்குப் போனார். கலக்கப்போவது யாரு மேடையில் பலகுரல் செய்த சிவகார்த்திகேயன் 2012இல் மெரினாவில் நாயகன் ஆனார். இந்தக் கதைகளில் தொடக்கமும் முடிவும் எல்லோருக்கும் மனப்பாடம், நடுவில் இருப்பது யாருக்கும் தெரிவதில்லை. சிவகார்த்திகேயன் அந்த மேடையிலிருந்து இறங்கிய பிறகு வருடக்கணக்கில் தொகுப்பாளராக மைக் பிடித்தவர். யோகி பாபு தலை காட்டிய யோகி 2009இல் வந்தது, அவரைத் தியேட்டரே கொண்டாடிய கோலமாவு கோகிலா வந்தது 2018இல். மறைந்த ரோபோ சங்கர் அண்ணனுக்கு அந்தப் பெயர் வந்ததே உடம்பெல்லாம் பெயின்ட் பூசிக்கொண்டு கிராமத்து மேடைகளில் ரோபோ போல ஆடியதால்தான். 2015இல் மாரி வருவதற்கு முன்னால் அவர் ஏறி இறங்கிய மேடைகளுக்குக் கணக்கே இருக்காது. அந்த நடுவிலுள்ள வருடங்களில் வாடகை எப்படிக் கொடுப்பது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் கேள்வி. ஊரைவிட்டுக் கிளம்பும்போதே ஆறு மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கையில் இருக்கட்டும். என்னிடம் அது இல்லாததால் மச்சானிடம் நாற்பதாயிரம் கடன் வாங்கித்தான் முதல் சீசனையே ஓட்டினேன்.

ஷோவில் வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் மூன்று பேர் ஒரு டீம், சாலிகிராமத்தில் ஒரே அறை. வாரம் முழுக்க ஸ்கிட் எழுதி, டிஸ்கஷனில் அசோசியேட் டைரக்டரிடம் நடித்துக் காட்ட வேண்டும். பாதிக்கு மேல் தூக்கிவிடுவார்கள். ஷூட்டிங் அன்று ஒரே நாளில் இரண்டு எபிசோடு எடுப்பார்கள். மதியம் மேக்கப் போட்டு உட்கார்ந்தால் எங்கள் முறை வரும்போது இரவு ஒரு மணி, இரண்டு மணி ஆகியிருக்கும். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆடியன்ஸ், ஏஜென்ட் மூலம் வேனில் அழைத்து வரப்பட்டவர்கள். இரவுச் சாப்பாட்டுப் பொட்டலத்தை முடித்துவிட்டு, மடியில் தூங்கும் குழந்தையோடு, கடைசி பஸ் போய்விட்ட கவலையில் இருப்பார்கள். அந்த நேரத்தில்தான் நாம் போய்ச் சிரிக்க வைக்க வேண்டும். நானும் எல்லாரையும் போல ஜட்ஜைப் பார்த்தே நடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மூத்த கலைஞர் ஒருநாள் மேக்கப் அறையில் சொன்னார்: “தம்பி, கேமரா ஜட்ஜ் சிரிக்கிறதைக் காட்டும். ஆனா உனக்கு டைமிங் குடுக்கிறது அந்தா உட்கார்ந்திருக்கிற அக்காங்கதான். முதல் வரியை அவங்களுக்குச் சொல்லு.” அடுத்த ஷூட்டிங்கில் ஸ்கிட் ஆரம்பிப்பதற்கு முன்னால் முன்வரிசை அக்காவிடம், “கடைசி பஸ் போயிடுச்சுன்னு கவலையாக்கா? எங்க ஸ்கிட்டும் அந்தப் பஸ்லதான் போயிடுச்சு” என்று ஒரு வார்த்தை விட்டேன். வரிசையே நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினோம். நான் இந்தத் தொழிலில் கற்றுக்கொண்டதிலேயே பெரிய பாடம் அது, இன்றைக்கும் அப்படித்தான் தொடங்குகிறேன்.

சம்பளத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு எபிசோடுக்கு மூவாயிரம். கெட்டப் செலவு நம்முடையது. விக், புடவை, நகை எல்லாவற்றையும் வடபழனிப் பக்கம் வாடகைக்கு எடுத்தால் ஆயிரத்துக்குக் குறையாது. எபிசோடு ஒளிபரப்பாகி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் பணம் கணக்கில் ஏறும். அதிலும் பத்து சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரிக்காக முன்கூட்டியே எடுக்கும் பணம், பிடித்துக்கொண்டு வரும். பான் எண் சரியாகக் கொடுக்காவிட்டாலோ, ஆதாரோடு இணைக்காவிட்டாலோ இருபது சதவீதம் பிடிப்பார்கள். எங்கள் டீமில் ஒருவனுக்கு அப்படித்தான் போனது. பிடித்த பணம் போய்த் தொலைந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படியில்லை. வருமான வரித் தளத்தில் நம் பெயரில் ஒரு அறிக்கை இருக்கிறது, அப்போது அதற்குப் படிவம் 26ஏஎஸ் என்று பெயர். யார் யார் எவ்வளவு பிடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்பது அதில் தெரியும். வருட வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லையென்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கலாம். பிடித்த தொகை அதில் ஏறவில்லையென்றால் கம்பெனியிடம் டிடிஎஸ் சான்றிதழ் கேளுங்கள், அப்போது அது படிவம் 16ஏ. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்து நாங்கள் ரொம்ப நாள் கேட்கவே இல்லை. கேட்டபோது அக்கவுன்ட்ஸில் இருந்த அக்கா மறுநாளே மெயில் அனுப்பிவிட்டார்.

சம்பளம் இவ்வளவுதான் என்றால் டிவி காமெடி நடிகர்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள்? மேடை நிகழ்ச்சிகளை வைத்துத்தான். டிவியில் முகம் தெரிய ஆரம்பித்ததும் திருவிழாக் கமிட்டிகள், கல்லூரிகள், நகைக்கடைத் திறப்பு விழாக்கள் என்று போன் வரும். பங்குனி, சித்திரை மாதங்கள் உச்சம். ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்கள் இன்னொரு உச்சம். ஊரில் இரண்டாயிரத்துக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு ஒரு இரவுக்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று பேசினார்கள். நடுவில் ஒரு கோஆர்டினேட்டர் இருப்பார், இருபது சதவீதம் அவருக்கு. சிவகங்கைப் பக்கம் ஒரு ஊரில் நிகழ்ச்சி முடிய அதிகாலை ஆகிவிட்டது. மேக்கப்பைக் கலைக்காமல் கமிட்டிக் கொட்டகைக்குப் போனால், உண்டியல் கணக்குப் பார்த்த மேசை மட்டும் இருக்கிறது, பேசிய ஆளைக் காணோம். ட்யூப் லைட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவர், “அவர் வீட்டுக்குப் போயிட்டாரு தம்பி, காலையில ஜிபே பண்ணிடுவாரு” என்றார். வேன் டிரைவர் டீசலுக்குக் காசு கேட்கிறார். ஆர்கெஸ்ட்ரா அண்ணன்கள் முழுப் பணத்தையும் மேடை ஏறுவதற்கு முன்பே வாங்கி வைத்திருந்தார்கள், அவர்கள்தான் டீசல் போட்டார்கள். அந்தப் பணம் எனக்கு வரவே இல்லை. பாதி அட்வான்ஸ் தேதி குறிக்கும்போது, மீதி மேக்கப் போடுவதற்கு முன்னால். ஆர்கெஸ்ட்ரா ஆட்களின் இந்த முறையை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். பேசிய தொகை, தேதி, எத்தனை மணி நேரம், வண்டி, தங்குமிடம் எல்லாவற்றையும் ஒரு வாட்ஸ்அப் மெசேஜாகப் போட்டு, எதிராளியிடமிருந்து “சரி” என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள். அந்த ஒரு பதில் பின்னால் பெரிய சாட்சி.

அதைவிடப் பெரிய அடி ஒரு செக்கில் விழுந்தது. ஒரு ஈவன்ட் அமைப்பாளர் தொடர்ச்சியாக எங்களை நிறைய ஊர்களுக்கு அழைத்துப் போனார். மொத்தமாகச் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குச் செக் கொடுத்தார். போட்டோம், திரும்பி வந்தது. “அடுத்த வாரம் போடுங்க ஜி, பேமென்ட் வந்துடும்” என்றார். அடுத்த வாரம் கேட்டால் மாமனாருக்கு ஆபரேஷன் என்றார். அதற்கடுத்து, தேர்தல் நேரம், பணம் முடங்கிவிட்டது என்றார். இப்படியே மாதங்கள் போயின. பிறகு ஒரு வழக்கறிஞரைப் பார்த்தபோதுதான் அந்த மனிதர் எதற்காக நாளைக் கடத்தினார் என்று புரிந்தது. செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் செலுத்த வேண்டும். திரும்பிவிட்டால், அந்தத் தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் அவர் பணம் தராவிட்டால், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவு இது. செக் செல்லுபடியாகும் மூன்று மாதத்துக்குள் என்றால் மறுபடி வங்கியில் போட்டு, திரும்பிய சீட்டைப் புதிதாக வாங்கி, அதிலிருந்து நோட்டீஸ் கணக்கைத் தொடங்கலாம். எங்கள் செக் அந்தக் காலத்தையும் தாண்டியிருந்தது. சிவில் வழக்குப் போடலாம் என்றார் வழக்கறிஞர், அதற்குச் செலவழிக்கக் கையில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு நீதிமன்ற வாசலில் நின்று அழுதேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. தொண்டை கிழியக் கத்தி, ஊர் ஊராகத் தூங்காமல் போய்ச் சம்பாதித்த பணம் அது. செக் திரும்பினால் அமைப்பாளரின் குரலைக் கேட்காதீர்கள், காலண்டரைப் பாருங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், வருமானம் குறைந்தவர்களுக்கும், பெண்களுக்கும், பட்டியலினத்தவருக்கும் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக உதவி கிடைக்கும். அப்படி ஒரு கதவு இருப்பதே எனக்கு அப்போது தெரியாது.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அதை நீட்டியது முதல் ஷூட்டிங் அன்று, மேக்கப் அறையில். கட்டுக்கட்டாக ஆங்கிலம், கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் குறி. எல்லோரும் வரிசையாகப் போட்டோம். அங்கே நின்று “படித்துவிட்டுத் தருகிறேன்” என்று சொல்லும் நிலையில் யாரும் இல்லை. இரண்டு வருடத்துக்கு வேறு சேனலிலோ படத்திலோ வெப் தொடரிலோ நடிக்க அவர்களிடம் என்ஓசி, அதாவது ஆட்சேபம் இல்லை என்ற கடிதம், வாங்க வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த இரண்டு வருடத்தில் எங்களுக்கு இவ்வளவு வேலை தருவோம் என்று எங்கேயும் இல்லை. சீசன் முடிந்தது, அடுத்த சீசனுக்கு வேறு முகங்கள் வந்தார்கள். எனக்கு ஒரு சின்னப் படத்தில் கதாநாயகனின் நண்பன் வேடம் வந்தது, ஒன்றரை லட்சம் பேசினார்கள். என்ஓசி கேட்டு மெயில் போட்டேன், நேரில் போய்ப் பார்த்தேன். மாட்டோம் என்றும் சொல்லவில்லை, தருகிறோம் என்றும் சொல்லவில்லை. படப்பிடிப்புத் தொடங்கும் தேதி வந்தது, வேறொருவர் நடித்துவிட்டார். படம் தியேட்டரில் ஓடியபோது நான் போய்ப் பார்க்கவில்லை. அவர்கள் வேலையும் தரவில்லை, வெளியிலும் விடவில்லை. ஒன்றரை வருடம் அப்படியே போனது. பிறகு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது இது: ஒப்பந்தக் காலம் நடக்கும்போது இருக்கும் தடையை நீதிமன்றம் பெரும்பாலும் மதிக்கும். காலம் முடிந்த பிறகும் வேலை செய்யக் கூடாது என்று எழுதியிருந்தால், 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி அது பொதுவாகச் செல்லாது. அதனால் பேரம் பேச வேண்டிய இடம் அந்தக் காலக்கெடுதான். புதிதாகப் போகிறவன் பேச முடியுமா என்று கேட்பீர்கள். முழுசாக மாற்ற முடியாது, உண்மை. ஆனால் செலக்ட் ஆனதாகப் போன் வந்த அன்றே “ஒப்பந்தத்தை மெயிலில் அனுப்பிவிடுங்கள் சார்” என்று கேட்கலாம். இரண்டு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்: ஷூட்டிங் தராத மாதங்களுக்குத் தடை இல்லை, என்ஓசி கேட்டுப் பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும். எனக்குப் பின்னால் வந்த ஒரு தம்பி கேட்டான், இரண்டில் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். எதையும் சேர்க்காவிட்டாலும் கையெழுத்துப் போட்டதன் பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். என்னிடம் அதுகூட இருக்கவில்லை.

இதற்கு நடுவில் குரல் போனது. சித்திரை மாதம், வரிசையாக மேடைகள். பழைய வில்லன் நடிகர்களின் குரலும் கிழவி குரலும் மாற்றி மாற்றிச் செய்வேன். முதலில் மேல் ஸ்தாயி வராமல் போனது. காலையில் எழுந்தால் சாதாரணப் பேச்சே கரகரத்தது. மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை என்று சமாளித்துக்கொண்டு ஏறினேன். ஒருநாள் மேடையில் பாதி வசனத்தில் வெறும் காற்றுதான் வந்தது, கூட்டம் அதை நடிப்பு என்று நினைத்துக் கைதட்டியது. காது மூக்கு தொண்டை மருத்துவர் மெல்லிய கேமராக் குழாயை மூக்கு வழியாக விட்டு, திரையில் காட்டினார். குரல் நாண்கள் இரண்டிலும் எதிரெதிராகச் சின்னச் சின்ன மொட்டு. புற்றுநோய் இல்லை, கத்திக் கத்தி உரசியதால் வந்த தடிப்பு என்றார். பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமல் குரல் பயிற்சியிலேயே சரியாகும் என்றார், ஆனால் அதுவரை மேடை கிடையாது. கிசுகிசுவென்று பேசுவதும் நல்லதல்ல, அதிலும் குரல் நாண்கள் சிரமப்படும். தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருக்கக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்து அதிகாலையில் பரோட்டாவும் பிரியாணியும் சாப்பிட்டுவிட்டு வேனில் அப்படியே படுப்பதால் வயிற்று அமிலம் மேலே ஏறித் தொண்டையைக் கெடுக்கிறது என்றும் சொன்னார். அது எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். குரல் பயிற்சியாளர் சோப்பு விளம்பர வசனத்தை மெதுவாக, உதட்டில் அதிர்வு தெரியும்படி என்னைப் பேச வைத்தார். ஊரையே சிரிக்க வைத்த தொண்டை ஒரு வரியைச் சொல்லத் திணறியது. அம்மா போனில், “தம்பி, நீ பேச வேணாம், நான் பேசுறேன், நீ ம் மட்டும் கொட்டு” என்பார். கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் கஷாயத்தை நம்பி நாளை ஓட்டாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே இதைப் பார்ப்பார்கள்.

பேச முடியாத அந்த மாதங்களில்தான் எழுத ஆரம்பித்தேன். வேறு டீம்களுக்கு ஸ்கிட் எழுதிக் கொடுத்தேன். இந்தப் பாதையில் நடிப்பைவிட எழுத்துதான் அதிக நாள் சோறு போடுகிறது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். முகம் ஒரு சீசனில் பழசாகிவிடும், ஸ்கிட் வாரா வாரம் புதிதாக வேண்டும். லொள்ளு சபாவை இயக்கிய ராம்பாலா 2016இல் தில்லுக்கு துட்டு எடுத்தார், நாயகன் அதே சபாவிலிருந்து போன சந்தானம். கோலமாவு கோகிலாவை எடுத்த நெல்சன் டிவி நிகழ்ச்சிகளில் வேலை பார்த்து வந்தவர்தான். கேமராவுக்குப் பின்னால் நடப்பதைக் கவனித்துவைத்தவர்களுக்கு ஒரு கதவு அடைத்தாலும் இன்னொன்று திறக்கிறது. ஷூட்டிங்கில் உங்கள் முறை வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருக்காமல் எடிட்டிங் அறைப் பக்கமும் போய் நில்லுங்கள்.

கெட்டப் விஷயத்திலும் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். ஒரு எபிசோடில் கிழவி வேடம் ஓடியது என்றால் சீசன் முழுக்கக் கிழவிதான். மேடைக்குக் கூப்பிடுகிறவர்களும் அதையே கேட்பார்கள். நாலு வாரத்துக்கு ஒருமுறையாவது சொந்த முகத்தோடு, மேக்கப் இல்லாமல் ஒரு ஸ்கிட் செய்துவிடுங்கள். எனக்குப் படத்தில் கேட்டு வந்த அந்த ஒரே வேடமும் அப்படிச் செய்த ஒரு எபிசோடைப் பார்த்துத்தான் வந்தது. வெளிநாட்டு நிகழ்ச்சி வந்தால், “டூரிஸ்ட் விசாவில் வாங்க, பார்த்துக்கலாம்” என்பவரிடம் போகவே வேண்டாம். மலேசியா போன்ற நாடுகளில் வெளிநாட்டுக் கலைஞர் மேடை ஏற அங்குள்ள ஏற்பாட்டாளர் முறையாக அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியின் பிரதியைப் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

இப்போது குரல் பெரும்பாலும் திரும்பிவிட்டது, வில்லன் குரல்களை மட்டும் விட்டுவிட்டேன். ஒரு ஷோவுக்கு எழுதுகிறேன், மாதம் ஒன்றிரண்டு மேடை. எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஷோவில் நடித்த ஸ்கிட்டின் உரிமை ஒப்பந்தப்படி பெரும்பாலும் சேனலுக்குப் போய்விடும். அதே வீடியோவை உங்கள் யூடியூப்பில் போட்டால் நீக்க வைத்துவிடுவார்கள். எழுதியதை டிஸ்கஷனுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் உங்கள் மெயிலுக்கே ஒருமுறை அனுப்பிவிட்டுப் போங்கள். எந்தத் தேதியில் உங்கள் கையில் என்ன இருந்தது என்று காட்ட அது உதவும். அவர்கள் வேண்டாம் என்று தூக்கிய ஸ்கிட்டுகளையும் தூக்கிப்போடாதீர்கள். ஒப்பந்தத்தில் அவற்றுக்கும் உரிமை கேட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, இல்லையென்றால் அவற்றை மேடையில் செய்யுங்கள்.